கல்யாண போட்டோகிராஃபியில் இறங்கப் போறீங்களா? முதல் காசு கேமராவுக்கா, லென்ஸுக்கா? எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

"ப்ரோ, கல்யாண ஆர்டர் எடுக்கலாம்னு இருக்கேன். எந்த கேமரா வாங்கலாம்?"

கேமரா கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பதிலாக ஒரு மாடல் பெயர் வந்து விழும். அடுத்த மாதமே இஎம்ஐ ஆரம்பித்துவிடும்.

ஆனால், கேமரா சந்தை இப்போது இருக்கும் நிலையில் இந்தக் கேள்விக்கு ஒரு மாடல் பெயரைப் பதிலாக எடுத்துக்கொண்டால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான். டிஎஸ்எல்ஆர் என்ற வகையே மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதனாலேயே, ஒரு காலத்தில் எட்டாக்கனியாக இருந்த கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. கடன் வாங்கிப் புதுசு எடுப்பதா, கைக்காசுக்குப் பழசு எடுப்பதா என்ற குழப்பம் புதிதாக இறங்குபவருக்கு வருவது இதனால்தான்.

சந்தையில் என்ன நடக்கிறது?

ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி, 2020-ல்தான் முதல்முறையாக மிரர்லெஸ் கேமராக்கள் டிஎஸ்எல்ஆரை முந்தின. அந்த ஆண்டு உலகம் முழுவதும் அனுப்பப்பட்ட மிரர்லெஸ் சுமார் 29 லட்சம், டிஎஸ்எல்ஆர் சுமார் 24 லட்சம். 2024-ல் மிரர்லெஸ் சுமார் 56 லட்சமாக ஏறியது. டிஎஸ்எல்ஆர் 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

சோனி தன் பழைய ஏ-மவுண்ட் கேமராக்களை 2021-லேயே நிறுத்திவிட்டது. 1டி எக்ஸ் மார்க் 3-தான் தங்கள் கடைசி உயர்ரக டிஎஸ்எல்ஆர் என்று கேனான் தலைவர் ஃபுஜியோ மிதராய் அதே ஆண்டின் இறுதியில் சொன்னார்.

அப்படியென்றால் டிஎஸ்எல்ஆர் வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. புது மாடல்கள் வராது என்பதுதான் விஷயம். இருக்கும் கேமராக்கள் நேற்று எடுத்த படத்தை இன்றும் அதே தரத்தில் எடுக்கும். மிரர்லெஸ்ஸில் இருக்கும் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கேமரா தானாகவே முகத்தில் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் பார்த்துவிடலாம். கைப்பழக்கம் இன்னும் வராத புதியவருக்கு இது பெரிய உதவி. வீடியோவும் சேர்த்து எடுப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: நிக்கான் டி750 போன்ற அருமையான டிஎஸ்எல்ஆரில் 4கே வீடியோவே கிடையாது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் பழையது ஜெயிக்கிறது. சிபா அளவீட்டின்படி டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் தாங்கும். சோனி ஏ7 மார்க் 3-ல் வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் சுமார் 610. மிரர்லெஸ் வாங்குபவர் குறைந்தது 3 பேட்டரிக்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

மண்டபத்து வெளிச்சம் என்ன கேட்கிறது?

அதிகாலை முகூர்த்தம். வெளியே இன்னும் இருட்டு. மேடையில் ஹோமப் புகை. மேலே ட்யூப்லைட், பக்கத்தில் வீடியோ லைட், பின்னால் கலர் கலராக எல்இடி. கெட்டிமேளம் ஒலித்ததும் மொத்தச் சொந்தமும் எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், பத்து செல்போன்கள் குறுக்கே நீளும். மூன்று முடிச்சும் சில நொடிகளில் முடிந்துவிடும். "ஒன் மோர்" கேட்க முடியாத தருணம் அது.

கேமராவோடு இலவச இணைப்பு மாதிரி வரும் கிட் லென்ஸ் தடுமாறும் இடமும் இதுதான். 18-55 மி.மீ. கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 திறப்புள்ள ஒரு லென்ஸ் அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு மேடையில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 12,800 தேவைப்பட்டால், அதே ஷட்டர் வேகத்தில் எஃப் 1.8 லென்ஸுக்கு 1,300-ஐ ஒட்டினால் போதும். எஃப் 2.8 என்றால் 3,200. ஐஎஸ்ஓ 12,800-ல் சின்ன சென்சார் கேமரா எடுத்த முகம் மணல் தெளித்த மாதிரி இருக்கும். 1,300-ல் அதே கேமரா எடுத்த முகம் ஆல்பத்தில் முழுப்பக்கத்துக்குத் தாங்கும்.

அதனால்தான், விலை உயர்ந்த பாடியில் கிட் லென்ஸ் மாட்டுவதைவிட, சுமாரான பாடியில் நல்ல லென்ஸ் மாட்டுவது கல்யாணத்தில் எப்போதும் மேல். பாடி சில ஆண்டுகளில் பழசாகும், லென்ஸ் அடுத்த பாடிக்கும் கூடவே வரும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் மூலம் புதிய ஆர்எஃப் மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸுடன் நன்றாகவே வேலை செய்கின்றன. நிக்கானில் கொஞ்சம் கவனம் வேண்டும். லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் எஃப்டிஇஸட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகாது.

எந்த லென்ஸ்? பலரும் முதலில் வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8. டிஎஸ்எல்ஆரைப் பொறுத்தவரை கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. ஆனால் ஏபிஎஸ்-சி எனப்படும் சின்ன சென்சார் கேமராவில் அது 75 அல்லது 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். பொண்ணு வீட்டு ஹாலில் நலங்கு நடக்கும்போது சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் மூன்று பேருக்கு மேல் ஃபிரேமில் வர மாட்டார்கள். ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8, டாம்ரான் 17-70 எஃப் 2.8 மாதிரி முழு நீளமும் எஃப் 2.8 நிற்கும் ஜூம் ஒன்றுதான் சரியான தேர்வு. ஃபுல் ஃபிரேமில் 24-70 அல்லது 28-75 எஃப் 2.8.

இங்கே பிராண்ட் தேர்வும் நுழைகிறது. சோனி மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் போன்ற பிற நிறுவன லென்ஸ்கள் ஏராளம். கேனான் ஆர்எஃப் மவுண்டில் இந்த நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு 2024-ல்தான் கதவு திறந்தது, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு. பாடியின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். அடுத்த மூன்று லென்ஸ்களையும் சேர்த்துக் கூட்டினால்தான் எது மலிவு என்பது தெரியும்.

விலாக் கேமரா கல்யாணத்துக்கு ஆகுமா?

சின்னதாக, அழகாக, வீடியோவுக்கு என்றே வரும் விலாக் கேமராக்கள் மீது இப்போது பலருக்கும் ஆசை. வாங்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறதா? சோனி இஸட்வி-இ10 மார்க் 2 போன்ற மாடல்களில் அது கிடையாது.

அதனால் என்ன? இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால், ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையின் கோட்டு மேல் கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 ஷட்டர் வேகத்தில் சாதாரண விளக்குகளின் மினுக்கத்தைச் சமாளிக்கலாம், ஆனால் எல்இடி சுவருக்கு அதுவும் எப்போதும் பலிக்காது. போதாக்குறைக்கு, எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் எரியாது. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கும் கேமராவில் ஃபிளாஷ் இல்லை என்றால் குடும்பப் படம் எடுக்கும் வரிசையிலேயே சிக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபிளாஷ் பற்றியும் ஒரு வார்த்தை. கூரையில் அடித்துத் திருப்பிவிடும் உத்தி வீட்டு ஹாலில் நன்றாக வேலை செய்யும். முப்பதடி உயர மண்டபத்தில் அந்த வெளிச்சம் போனது போனதுதான், திரும்பி வராது. சிவப்பு ஷாமியானா துணிக்குக் கீழே அடித்தால் எல்லார் முகமும் சிவந்துவிடும். எனவே கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷுடன் ஒரு ரேடியோ ட்ரிகர், ஒரு ஸ்டாண்ட், ஒரு குடை. இந்தச் செட் முழுவதும் ஒரு நல்ல லென்ஸின் விலையைவிடக் குறைவாகவே முடியும். படத்தில் காட்டும் வித்தியாசமோ புது பாடியைவிட அதிகம்.

ஒரே ஒரு கார்டு ஸ்லாட் போதுமா?

2018-ல் நிக்கான் இஸட்6, இஸட்7, கேனான் இஓஎஸ் ஆர் மூன்றும் வந்தபோது உலகம் முழுவதும் கல்யாண போட்டோகிராபர்கள் முகம் சுளித்தார்கள். காரணம், மூன்றிலும் ஒரே ஒரு மெமரி கார்டு ஸ்லாட். இரண்டே ஆண்டில், 2020-ல், நிக்கான் இஸட்6 மார்க் 2-வையும் கேனான் ஆர்6-ஐயும் இரண்டு ஸ்லாட்டுடன் இறக்கின.

ஏன் இவ்வளவு சத்தம்? மெமரி கார்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சாகும். இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும். ஒன்று போனாலும் தாலி கட்டு தப்பிக்கும். ஒரே ஸ்லாட் கேமராவில் கார்டு போனால், மணமக்கள் வீட்டுக்குச் சொல்ல பதிலே இருக்காது. பேச்சு அங்கேயே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் இந்த வேலை, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது.

புதியவர்கள் தேடும் மாடல்களில் கேனான் ஆர்50, ஆர்10, ஆர்8, சோனி ஏ6700, நிக்கான் இஸட்50 எல்லாமே ஒற்றை ஸ்லாட்தான். ஆர்8-ன் சென்சார் பிரமாதமானது, ஆனாலும் கல்யாணத்துக்கு ஒரே கேமராவாக அதை நம்பிப் போவது துணிச்சல்தான். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் நிக்கான் டி750, இஸட்5, கேனான் 5டி மார்க் 3, மார்க் 4, சோனி ஏ7 மார்க் 3 எல்லாவற்றிலும் இரண்டு ஸ்லாட் உண்டு. ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸில் கேனான் ஆர்7-ல் இருக்கிறது.

ஏற்கெனவே ஒற்றை ஸ்லாட் கேமரா வாங்கிவிட்டவர் என்ன செய்யலாம்? ஒரே பெரிய கார்டில் முழு கல்யாணத்தையும் எடுக்காமல் 64 ஜிபி கார்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று. சாப்பாட்டுப் பந்தி ஓடும் நேரத்தில் லேப்டாப்பில் இறக்கிவிடலாம். ஆல்பம் கைக்குப் போகும்வரை எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யாமல் இருந்தால் இன்னும் நல்லது. 24 மெகாபிக்ஸல் ரா படம் ஒன்று சுமார் 25-30 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 80 ஜிபி-யை ஒட்டி வரும். அது இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். கேமராவுக்கு லட்சத்தில் செலவு செய்பவருக்கு ஹார்ட் டிஸ்க் என்றால் மட்டும் ஏனோ மனசு வருவதில்லை.

கார்டுக்குச் சொன்னது கேமராவுக்கும் பொருந்தும். ஷட்டர் எந்த நேரத்திலும் மக்கர் பண்ணலாம். பையில் இரண்டாவது பாடி இல்லாமல் கல்யாண ஆர்டரை ஒப்புக்கொள்வது, ஸ்டெப்னி இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறுவது மாதிரி. இரண்டு பாடியும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை, முகூர்த்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இஎம்ஐ-க்கு ஆடி மாசம் தெரியாது

2.5 லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 14 சதவீதம், 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 12,000 ரூபாய் கட்ட வேண்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் இது பெரிய சுமையாகத் தெரியாது. ஆடியில்? மார்கழியில்? பல சமூகங்களில் புரட்டாசியிலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆண்டில் இரண்டு, மூன்று மாதம் கல்யாண வருமானம் இல்லாமல்தான் தவணை கட்ட வேண்டும். பிறந்தநாள், வளைகாப்பு, காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று இடைவெளியை நிரப்ப வழி வைத்திருப்பவர் சமாளிப்பார். முதல் ஆண்டிலேயே அந்தத் தொடர்புகள் எல்லோருக்கும் அமைவதில்லை.

கடன் தவிர்க்கவே முடியாது என்றால், கிரெடிட் கார்டு தவணைக்குப் போகும் முன் வங்கியில் முத்ரா திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். 2015 ஏப்ரல் முதல் இருக்கும் திட்டம் இது. பிணை இல்லாமல் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை கிடைக்கும். லென்ஸ், ஃபிளாஷ், கார்டுகளுக்கு சிஷு கடனே கணிசமாக உதவும்.

வாடகைக்கு எடுத்தால் என்ன?

"வாங்காதே, வாடகைக்கு எடு" என்ற அறிவுரை கேட்க நன்றாக இருக்கும். சென்னையில் வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் சினிமாவை நம்பி வளர்ந்த வாடகைத் தொழில் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. கணக்கும் சாதகம்தான். 1.2 லட்சம் ரூபாய் லென்ஸின் நாள் வாடகை 1,500 என்றால், அதை 80 நாள் பயன்படுத்திய பிறகுதான் வாங்கியது லாபமாகும். ஆண்டுக்கு 15 கல்யாணம் செய்பவருக்கு அது ஐந்து ஆண்டுக்கு மேல்.

ஆனால் இந்தக் கணக்கில் பஞ்சாங்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வளர்பிறை முகூர்த்தமும் சேர்ந்து வரும் நாளில் ஊரில் உள்ள எல்லா போட்டோகிராபருக்கும் ஒரே நேரத்தில் அதே கேமரா வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டால் கடைக்காரர் சிரிப்பார். பாடியையும், தினசரி லென்ஸையும், ஃபிளாஷையும் சொந்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 70-200 எஃப் 2.8, மேக்ரோ, கிம்பல் மாதிரி எப்போதாவது தேவைப்படுபவற்றை வாடகைக்கு எடுக்கலாம். இரண்டாவது பாடியையும் ஆரம்பத்தில் வாடகைக்கே எடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் வாங்கும் அன்றே வாடகைக் கடையில் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும்.

ட்ரோன் வாங்கும் ஆசை இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பதிவு, பறக்கும் பகுதிக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆர்டர் வந்தால் பதிவு செய்த ட்ரோன் ஆபரேட்டரைக் கூட்டிப் போவதே மேல்.

முதல் சீசனில் இன்னொரு வழியும் இருக்கிறது. முகூர்த்த நாளில் பெரிய ஸ்டூடியோக்களுக்கு ஆள் பற்றாக்குறை வரும். ஒரு பாடி, ஒரு எஃப் 2.8 ஜூமுடன் அவர்களுக்கு செகண்ட் ஷூட்டராகப் போனால் தினக்கூலி கிடைக்கும், தாலி கட்டுப் பொறுப்பு தலையில் இருக்காது. அந்த ஸ்டூடியோ எந்த பிராண்ட் பயன்படுத்துகிறது என்பதை வாங்கும் முன்பே விசாரிப்பது புத்திசாலித்தனம். ஒரே பிராண்ட் என்றால் கலர் சேர்ப்பது சுலபம், அவசரத்துக்கு லென்ஸும் பேட்டரியும் மாற்றிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஷட்டர் கவுண்ட். டி750, 5டி மார்க் 3, மார்க் 4 மூன்றின் ஷட்டரும் 1.5 லட்சம் படம் வரை சோதிக்கப்பட்டவை. ஏ7 மார்க் 3-க்கு 2 லட்சம். கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 1.5 லட்சம் என்பது வெறும் 50 கல்யாணம். எண்ணிக்கை தாண்டினால் உடனே செத்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் ஷட்டர் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். "வீட்டுக்கு மட்டும்தான் யூஸ் பண்ணோம்" என்று சொல்லும் கேமராவில் 1.3 லட்சம் கவுண்ட் இருந்தால் அந்த வீட்டில் தினமும் கல்யாணம் நடந்திருக்க வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் பைக்குள்ளேயே பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் படரும். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய பிறகும் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா அவசியம். ஏசி ரூமிலிருந்து நேராக வெக்கையான மண்டபத்துக்குப் போனால் லென்ஸ் பனி மூடிய மாதிரி ஆகிவிடும் என்பதால், முகூர்த்தத்துக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே பையை வெளியே வைத்துவிட வேண்டும்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் வாங்கி வரும் புது கேமரா விலை குறைவாக இருக்கலாம். பெரும்பாலும் அதற்கு இந்திய வாரண்டி கிடைக்காது. சீசன் நடுவில் ரிப்பேர் ஆனால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போகும்.

ஜிஎஸ்டி குறைந்ததே, கேமரா விலை குறையலையா?

இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டிவி, ஏசி மாதிரியான பொருட்களுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிஜிட்டல் கேமராவுக்கு அந்தக் குறைப்பு 2019 ஜனவரி 1-லேயே வந்துவிட்டது. அதனால் இப்போதும் 18 சதவீதம்தான். 1,18,000 ரூபாய் கேமராவில் 18,000 ரூபாய் வரி.

ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத போட்டோகிராபர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பிப் பதிவு செய்தால், தொழிலுக்கு வாங்கிய கேமராவில் கட்டிய வரியை, வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கல்யாண பில்லிலும் 18 சதவீதம் சேரும், கணக்குத் தாக்கலும் தொடர்ந்து செய்ய வேண்டும். பேரம் பேசும் குடும்பங்களை நம்பித் தொழில் தொடங்குபவருக்கு முதல் ஆண்டில் இது அவ்வளவாக ஒத்துவராது. கம்பெனி நிகழ்ச்சிகளும் செய்பவருக்கு ஒத்துவரலாம்.

பதிவு இருக்கிறதோ இல்லையோ, "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. பாடி, லென்ஸ், ஃபிளாஷ் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வாரண்டிக்குப் போனாலும், இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனாலும், மண்டபத்தில் கேமரா பை காணாமல் போய் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினாலும் கேட்கப்படுவது அந்த எண்தான்.